முதலில் நிரப்பும் கட்டங்கள்

கணிதத் துறைக்காரன் என்ற ஒரே காரணத்தால்தான் எங்கள் கல்லூரியின் கால அட்டவணை என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. கணக்குத் தெரிந்தவனுக்கு அட்டவணை போடுவது பெரிய காரியமில்லை என்று ஆசிரியர் அறையில் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் அதை மறுத்துப் பேசியதில்லை. வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஏப்ரலில் தேர்வுகள் முடிந்து, திருத்திய விடைத்தாள் கட்டுகள் கன்ட்ரோலர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, கத்திரி வெயிலில் ஆளரவமற்ற வளாகத்தில் அடுத்த ஜூனுக்கான வேலை தொடங்கும். துறைத் தலைவர்களின் விருப்பத் தாள்கள் ஒவ்வொன்றாக வரும். அவற்றைப் பிரிப்பதற்கு முன்பே எந்தெந்தக் கட்டங்களை நிரப்பி வைத்திருக்க வேண்டும் என்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது.

எங்களுடையது நெல்லைச் சீமையில் மிஷனரிகள் தொடங்கிய, அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரி. ஒரு வகுப்புக்கு 30 கட்டங்கள்: நாளுக்கு 5 மணி நேரம், 6 நாள் சுற்று. முதலாண்டு பி.எஸ்சி. மாணவர் ஒருவருக்கு அவை பிரியும் விதம் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். பார்ட் ஒன் தமிழுக்கு 6, பார்ட் டூ ஆங்கிலத்துக்கு 6, மேஜர் என்னும் முதன்மைப் பாடத்துக்கு 10, அலைடு என்னும் துணைப் பாடத்துக்கு 6, மிச்சமுள்ள 2 பார்ட் ஃபோர் என்னும் பொதுப் பாடங்களுக்கு. இயற்பியல் படிக்க வந்த பையனுக்கு இயற்பியல் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அவன் செய்யுளும் சிறுகதையும் ஆங்கிலக் கட்டுரையும் கணிதமும் படிக்கிறான். பெருநகரங்களில் சில தனியார் பல்கலைக்கழகங்கள் 'லிபரல் ஆர்ட்ஸ்' என்று பெயர் சூட்டி லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பரந்த படிப்பின் எலும்புக்கூடு, சில நூறு ரூபாய் கட்டணத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளின் அட்டவணையிலேயே இருக்கிறது. எலும்பு இருந்தால் போதாது என்பது வேறு விஷயம்.

இந்தப் பரப்பு நேற்று வந்ததில்லை. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியபோது, அங்கே வேதாகமத்தோடு தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. அதே மிஷன் 1834இல் மதுரைக்கு வந்தது. பின்னர் 1881இல் பசுமலையில் அது தொடங்கிய கல்லூரிதான் இன்றைய மதுரை அமெரிக்கன் கல்லூரி. வட்டுக்கோட்டையில் படித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம் பிள்ளை பிற்காலத்தில் சைவராக நின்று ஏடுகளைத் தேடி எடுத்து வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். செமினரியை நடத்தியவர்கள் எதிர்பார்த்தது சுதேசக் கிறிஸ்தவ ஊழியர்களை. தமிழுக்குக் கிடைத்தது பழந்தமிழ்ப் பதிப்பாசிரியர். பாடத்திட்டம் போடுகிறவனுக்கு இதில் ஒரு தெம்பும் இருக்கிறது, ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பரந்த படிப்பு என்ன விளைச்சல் தரும் என்பதை விதைக்கும்போது சொல்ல முடியாது. சொல்ல முடியாததாலேயே, கணக்குக் கேட்கும் காலங்களில் முதலில் கைவைக்கப்படுவதும் அதுதான். வட்டுக்கோட்டை செமினரியையே, தாய்மொழியில் ஊழியம் செய்வோரை உருவாக்குவதுதான் மிஷனின் வேலை என்ற கொள்கை வலுத்தபோது, 1855இல் மூடிவிட்டார்கள்.

இனி என் துறைக் கணக்குக்கு வருகிறேன். ஹங்கேரியக் கணிதவியலாளர் டெனெஷ் கோனிக் 1916இல் நிறுவிய தேற்றம் ஒன்று உண்டு. அதை அட்டவணை மொழியில் சொன்னால் இப்படி வரும்: எந்த வகுப்புக்கும் 30 மணிக்கு மேல் பாடம் இல்லை, எந்த ஆசிரியருக்கும் 30 மணிக்கு மேல் வேலை இல்லை என்றால், ஒருவரோடு ஒருவர் மோதாமல் எல்லாப் பாடங்களையும் 30 கட்டங்களுக்குள் அடக்கிவிடலாம். எத்தனை துறைகள் இருந்தாலும் சரி, எத்தனை ஆசிரியர்கள் இருந்தாலும் சரி. உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. விதித்திருப்பது வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல்தான். ஆக, கோனிக்கின் கணக்குப்படி எங்கள் அட்டவணை ஒரு காலை நேரத்து வேலை.

ஆனால் 1976இல் ஷிமோன் ஈவன், அலோன் இட்டாய், அடி ஷமீர் என்ற மூவர் இன்னொன்றைக் காட்டினார்கள். 'இந்த ஆசிரியருக்கு இந்த நேரம் முடியாது' என்ற நிபந்தனைகளைச் சேர்த்த மாத்திரத்தில், கணக்கு அடியோடு வேறு இனமாகிவிடுகிறது. எல்லா நிலைமைக்கும் பொருந்துகிற விரைவான வழிமுறை இன்றுவரை கண்டுபிடிக்கப்படாத சிக்கல்களின் வரிசையில் அது போய்ச் சேர்கிறது. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வருகிற ஆசிரியைக்கு முதல் ஹவர் ஆகாது. பி.எச்டி. நெறியாளரைப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியவருக்கு ஒரு பிற்பகல் வேண்டும். வேதியியல் லேபில் ஒரு நேரத்தில் ஒரு வகுப்புதான் நிற்க முடியும். பிராக்டிக்கல் என்றால் அடுத்தடுத்த மணிகள் சேர்ந்தாற்போல் வேண்டும். மனிதர்களும் அறைகளும் உள்ளே நுழைந்ததும் கோனிக் வெளியே போய்விடுகிறார்.

இப்போது நல்ல மென்பொருள்கள் வந்துவிட்டன. நாங்களும் பயன்படுத்துகிறோம். அவை எல்லாமே தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்கும்: எவை அசைக்கவே கூடாத நிபந்தனைகள், எவை முடிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிற நிபந்தனைகள்? அசைக்கக் கூடாதவற்றை மென்பொருள் மீறாது. மற்றவற்றை இடத்துக்கேற்ப விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும். அந்தக் கேள்விக்கு இயந்திரம் பதில் சொல்லாது, கல்லூரிதான் சொல்ல வேண்டும். கல்லூரிச் சின்னத்தில் பொறித்திருக்கும் இலட்சிய வாசகத்தை யாரும் எதிர்ப்பதில்லை. அதனால் அதற்குச் செலவும் இல்லை. ஒரு மணி நேரத்தை அசைக்கக் கூடாதது என்று பூட்டினால், இன்னொருவர் அதை இழக்கிறார். எங்கள் கல்லூரி எதை நம்புகிறது என்பது அங்கேதான் விலை பேசப்படுகிறது.

நான் பூட்டும் முதல் கட்டங்கள் மொழிப் பாடத்துக்கானவை. இதில் பெரிய தத்துவம் இல்லை. தமிழ், இந்தி, பிரெஞ்சு என்று மாணவர்கள் பிரிந்து போவதால் எல்லா வகுப்புகளுக்கும் அந்த மணி ஒன்றாக இருந்தாக வேண்டும். நடைமுறையே அதைக் காப்பாற்றிக்கொள்ளும்.

இரண்டாவதுதான் சண்டைக்குரியது: நான்-மேஜர் எலெக்டிவ். ஒவ்வொரு மாணவரும் தன் துறைக்கு வெளியே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்துப் படிக்கும் அந்த 2 மணி நேரம். அது உண்மையாக நடக்க வேண்டுமானால், இரண்டாமாண்டின் எல்லாத் துறைகளுக்கும் 6 நாள் சுற்றின் அதே நாளில், அதாவது அதே டே ஆர்டரில், அதே ஹவர் காலியாக இருக்க வேண்டும். அப்போதுதான் வணிகவியல் மாணவி எங்கள் துறைக்கு வர முடியும், கணித மாணவன் வரலாற்றுத் துறைக்குப் போக முடியும். கல்லூரி முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்துக்காக ஒதுங்குவது என்பது அட்டவணையில் மிக விலையுயர்ந்த சலுகை. இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு துறைகள் பேசி வைத்துக்கொண்டு மொத்த வகுப்பையும் பரிமாறிக்கொள்வது. தாளில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், மாணவர் தேர்ந்தெடுத்தது மட்டும் ஒன்றுமிருக்காது. அதைவிட எளிய வழி, அந்த நேரத்தையே கேட்டுவிடுவது.

"சார், அந்த ரெண்டு ஹவர எங்களுக்குத் தந்துருங்க. ஆர்கானிக் போர்ஷன் முடியவே மாட்டேங்கு" என்பார் வேதியியல் துறைத் தலைவர்.

"மேடம், உங்க பிள்ளைங்கதான் என் கிளாஸ்ல கோலம் போடுதாங்க. அவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க, தாறேன்."

கோலம் என்று நான் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. எங்கள் துறை பிற துறையினருக்குத் தரும் பாடம் கோலமும் கணிதமும். இதற்கு ஒரு முன்னோடி உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, 1970களில் ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுத முடியும் என்று காட்டினார். அவரே பிராமி எழுத்துகளின் வளர்ச்சியையும் மாமல்லபுரச் சிற்பங்களையும் சிந்துவெளி எழுத்துகளையும் ஆராய்ந்தவர். புள்ளியியல்காரருக்குக் கல்வெட்டில் என்ன வேலை என்று கேட்காத சூழல் ஒன்று அவருக்கு வாய்த்திருந்தது. அப்படிப்பட்டவர்களை அட்டவணை உருவாக்கிவிடாது. உருவாகிறவர்களுக்கு வழியை அடைக்காமல் இருக்க அதனால் முடியும்.

வகுப்பில் நடப்பது இதுதான். செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கோடு குறுக்கே வெட்டும்படி கம்பிக் கோலம் இழுக்கச் சொல்வேன். 3 வரிசை 4 புள்ளி என்றால் கை எடுக்காமல் ஒரே இழையில் முடிந்துவிடும். 3க்கு 3 என்றால் மூன்று தனி இழைகள் வரும். 4க்கு 6 என்றால் இரண்டு. ஏன்? எங்கள் கணித மாணவர்களில் பலருக்குக் கோலம் இழுக்கவே வராது. தமிழ்த் துறையிலிருந்தும் வணிகவியலிலிருந்தும் வந்த மாணவிகள் விடியற்காலையில் வாசல் தெளித்துப் பழகியவர்கள். அவர்கள் கை முந்திவிடும், காரணம் சொல்லத் தெரியாது. மேஜையில் பல அளவுகளை வரைந்து பட்டியல் போட்டதும் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்: இழைகளின் எண்ணிக்கை, வரிசையும் புள்ளியும் ஆகிய இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. பள்ளிக்கூடத்தில் மீ.பெ.கா. என்று சுருக்கி எழுதி, மறந்தும் போன அதே சங்கதி. அதை நிறுவுவதற்கு அப்புறம் ஒரு மாதம் பிடிக்கும். கணக்கைக் கண்டால் ஓடுகிறவர்கள் அந்த ஒரு மாதமும் உட்கார்ந்திருக்கிறார்கள். வெவ்வேறு துறையினர் ஒரே அறையில் இல்லாவிட்டால் இந்த வகுப்பு நடக்காது. கைத்திறன் ஒரு பெஞ்சிலும் காரணம் தேடும் பழக்கம் இன்னொரு பெஞ்சிலும் இருக்கிறது.

மூன்றாவது, சாப்பல். கிறிஸ்தவக் கல்லூரியில் இது முதலாவதாக அல்லவா வர வேண்டும் என்று கேட்கலாம். இதன் சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. எங்கள் வகுப்புகள் கிழமையைப் பார்ப்பதில்லை, டே ஆர்டரைப் பார்க்கும். செவ்வாய் விடுமுறை என்றால் செவ்வாய்க்குரிய பாடங்கள் புதனுக்கு நகரும். இதனால் திங்களும் வெள்ளியும் அடிக்கடி விடுமுறையாகிற ஆண்டிலும் ஒரு பாடம் மட்டும் அடிபடுவதில்லை. பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்றால் 6 நாள் சுற்று 15 முறை முழுதாகச் சுழலும். யாருக்கும் கூடுதல் குறைவு கிடையாது. ஆனால் ஆராதனை கிழமையில் நிற்பது. வெளியூரிலிருந்து போதகரை அழைக்கும்போது புதன்கிழமை வாருங்கள் என்றுதான் சொல்ல முடியும். நான்காம் டே ஆர்டர் வாருங்கள் என்றால் அவர் விழிப்பார். ஆகவே அந்தக் கிழமைக்கு மட்டும் தனி மணி. ஒவ்வொரு வகுப்பிலும் சில நிமிடங்களைக் குறைத்து, நடுவில் ஓர் இடைவெளியை உண்டாக்குகிறோம்.

அந்த இடைவெளியில் யார் என்ன செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். அரசு உதவி பெறும் நிறுவனத்தில் யாரையும் அவர் சம்மதமின்றி வழிபாட்டிலோ சமயபோதனையிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்வதால் மட்டுமல்ல, கட்டாயத்தால் நிறைந்த சாப்பலில் யாருக்கும் பயனில்லை என்பதாலும் வருகை அவரவர் விருப்பம். ஆனால் விருப்பம் என்று கையேட்டில் அச்சடித்தால் ஆயிற்றா? அதே நேரத்தில் நூலகம் பூட்டிக் கிடந்தால், கேன்டீன் அடைத்திருந்தால், மாணவருக்கு மிஞ்சுவது வெயிலும் சாப்பலும்தான். ஆகவே அந்த நேரத்தில் நூலகர் இருக்கையில் இருக்க வேண்டும், வாசிப்பறை திறந்திருக்க வேண்டும், எந்தத் துறையும் இன்டர்னல் டெஸ்ட் வைக்கக் கூடாது என்று மூன்று விதிகளைச் சேர்த்தோம். மூன்றாவது விதி சாப்பலுக்குப் போகிறவர்களுக்காக, முதல் இரண்டும் போகாதவர்களுக்காக. அந்த நேரத்தை எல்லோருக்கும் சுதந்திரமாக்கினால்தான் அதில் வழிபாடு வழிபாடாக இருக்கும்.

டே ஆர்டர் விடுமுறைகளைச் சமாளிக்கும். விடுமுறை என்று அறிவிக்கப்படாத விடுமுறைகளை அது சமாளிக்காது. நாள்காட்டி தயாரிக்க உட்காரும்போது அரசு வெளியிடும் பட்டியலோடு உள்ளூர்ப் பஞ்சாங்கமும் வேண்டும். ஆகஸ்ட் 5, தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா. கடற்கரைப் பிள்ளைகள் வர மாட்டார்கள். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு வேடம் கட்டுகிற பையன்களின் இருக்கைகள் அந்த நாட்களில் காலியாக இருக்கும். பங்குனி உத்திரத்தன்று நெல்லைச் சீமையே தங்கள் தங்கள் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிடும். மறுநாள் தேர்வு வைக்கிறவர் ஊரை அறியாதவர். இதெல்லாம் கிறிஸ்தவக் கல்லூரி நாள்காட்டியில் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் கேட்கப்பட்டது. வகுப்பில் இருப்பவர்களின் வாழ்க்கைக்குத்தானே நாள்காட்டி என்றார் அப்போதைய முதல்வர். அதற்கு மேல் விவாதம் நீளவில்லை.

பண்டிகைகளைவிட உறுத்துவது முகூர்த்த நாட்கள். ஆவணியிலும் தை மாதத்திலும் வளர்பிறை முகூர்த்தம் விழுந்தால் சில பையன்கள் காணாமல் போவார்கள். கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போயிருப்பார்கள். அன்றைய கூலியில்தான் பஸ் செலவும் தேர்வுக் கட்டணமும். 75 சதவீத வருகை விதி அவர்களை முதலில் பிடிக்கும். விதியை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. முகூர்த்த நாட்களில் பிராக்டிக்கலும் டெஸ்டும் விழாமல் நாள்காட்டியை நகர்த்த முடியும். பிறகு மழை இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்து, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அதன் பிறகு 90 நாட்களையும் இறுக்கி அடுக்கிய நாள்காட்டியை நான் போடுவதில்லை. இரண்டாம் பருவத்தில் சில சனிக்கிழமைகளை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருக்கிறேன். அவற்றை எதற்காவது கேட்டு ஆட்கள் வருவார்கள். தருவதில்லை.

30 கட்டங்களுக்குள் வர விரும்புகிறவை ஆண்டுதோறும் பெருகுகின்றன. உச்ச நீதிமன்றம் 1991இல் தந்த உத்தரவின் வழியே சுற்றுச்சூழல் கல்வி வந்தது. மதிப்புக் கல்வி வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகள் வந்தன. எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வேலைக்கான திறன் வேண்டாம் என்று சொல்ல, வேலையில் உட்கார்ந்திருக்கிற நான் யார்? ஆனால் 30 ஒருபோதும் 31 ஆகாது. தன்னாட்சியின் அருமை இங்கேதான் தெரிகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி, லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை 1978இல் தன்னாட்சி பெற்றபோது, சொந்தமாகப் பாடத்திட்டம் வகுக்கும் உரிமையோடு எதைக் கைவிடுவது என்ற பொறுப்பும் கல்லூரிகளின் கைக்கு வந்தது. போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டங்களில் புதிய பாடத்தைச் சேர்க்கும் தீர்மானம் காபி வருவதற்குள் நிறைவேறிவிடும். பழையதை நீக்கும் தீர்மானத்துக்கு முன்மொழிய ஆள் கிடைக்காது. இப்போது அகாடமிக் கவுன்சிலில் ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறோம்: எந்தத் துறை புதிய பாடம் கேட்டாலும், எந்தக் கட்டத்தில் அது உட்காரும் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். கோரிக்கைகள் பாதியாகக் குறைந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். வருபவை யோசித்த பின் வருகின்றன.

முதலில் நிரப்புவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் மிஞ்சுபவற்றையும் சொல்ல வேண்டும். எல்லாருடைய விருப்பமும் நிறைவேறிய பிறகு ஒதுங்கிக் கிடக்கும் கட்டங்கள் யாருக்குப் போகின்றன? அரசு நிரப்பாத பணியிடங்களில் நிர்வாக ஊதியத்தில் வேலை செய்யும் இளம் ஆசிரியர்களுக்கு. ஐந்தாவது ஹவர், மதிய வெயில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, வெவ்வேறு துறைகளிலிருந்து கலந்த 70 பேர். கேட்க அவர்களால் முடியாது. கேட்காதவர்களுக்கு மென்பொருளிலும் நிபந்தனை கிடையாது. முதலானவர்களையும் கடைசியானவர்களையும் பற்றி எங்கள் சாப்பலில் அடிக்கடி பிரசங்கம் நடக்கும். அதை அட்டவணையில் சோதித்துப் பார்ப்பது எளிது: பணி மூப்பில் கடைசியாக இருப்பவரின் தாளை எடுத்து, அவருக்கு எத்தனை ஐந்தாவது ஹவர் என்று எண்ணினால் போதும். யாருக்கும் வாரத்தில் ஒரு வரம்புக்கு மேல் ஐந்தாவது ஹவர் கூடாது என்பதை அசையா நிபந்தனைகளில் நான் சேர்த்ததும், மூத்த பேராசிரியர்கள் சிலருக்கு மதிய வகுப்பு வந்தது. முணுமுணுப்பு இருந்தது. ஒருவர் மட்டும் வந்து, "பரவாயில்ல தம்பி, நானும் வேலைக்குச் சேர்ந்த புதுசுல மாடி ரூம்லதான் கிடந்தேன்" என்றார். அவரைக் காட்டித்தான் மற்றவர்களைச் சமாளித்தேன்.

வரும் ஆண்டிலிருந்து இந்த வேலையைத் துறையின் இளைய ஆசிரியை ஒருவர் பார்ப்பார். மென்பொருளை என்னைவிட வேகமாகக் கையாளுகிறார்; அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஒரே ஒரு நடைமுறையைத்தான் அவரிடம் கொடுத்திருக்கிறேன். மே முதல் வாரத்தில் முதல்வர், டீன், சாப்ளின், நூலகர், நிர்வாக ஊதியத்தில் இருக்கும் ஆசிரியர்களின் சார்பில் ஒருவர் ஆகியோரைக் கூட்ட வேண்டும். எலெக்டிவுக்கான பொது நேரம், சாப்பல் இடைவெளி, ஐந்தாவது ஹவர் வரம்பு, ஒதுக்காத சனிக்கிழமைகள் ஆகிய நான்கையும் அவர்கள் முன் வைத்து, இந்த ஆண்டும் வேண்டுமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் ஏன் என்று பேசி முடிவெடுக்கட்டும். மாற்றுவதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. வேண்டும் என்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி, மென்பொருளில் அந்தக் கட்டங்களைப் பூட்ட வேண்டும். துறைகளின் விருப்பத் தாள்களை அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.